சம்மனசுக்கு மட்டும்

அமலராணி தன் மகள் ஷைனிக்கென்று சேர்த்து வைத்த சொத்து ஒன்றே ஒன்றுதான்: பயமுறுத்தாத ஒரு சாமி. நகை இல்லை, நிலம் இல்லை. திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகும் ரோட்டோரக் காலனியில் ஒற்றை அறை வீடு, அதுவும் வாடகை. புருஷன் பாக்கியராஜ் கேரளாவுக்குக் காய்கறி லோடு அடிக்கும் டிரைவர். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம்.

அமலராணி வளர்ந்தது தோல் ஷாப்புத் தெருவில். அவள் அப்பா தோல் ஊறும் தொட்டியில் சுண்ணாம்புத் தண்ணீருக்குள் நின்று வேலை பார்த்தவர். கை விரலெல்லாம் வெந்து தோலுரிந்து கிடக்கும். அந்தக் கையால்தான் அடிப்பார். அடிக்கக் கை ஓயும் நேரத்தில் சாமியைக் கூப்பிட்டுக்கொள்வார். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். பூசையில் பேசினால் சாமி கண்ணைக் குத்தும். வேதக்கார வீடு, இந்து வீடு, முஸ்லிம் வீடு என்ற வித்தியாசமெல்லாம் அந்தத் தெருவில் கிடையாது. எல்லா வீட்டுச் சாமிக்கும் பிள்ளைகளின் கண்ணைக் குத்துவது ஒன்றுதான் வேலை. பத்து வயது வரைக்கும் அவள் குப்புறப் படுத்துத்தான் தூங்கினாள். கண் தலையணைக்குள் புதைந்திருந்தால் குத்த வழியில்லை என்று ஒரு கணக்கு.

ஷைனி பிறந்தபோதே முடிவெடுத்துவிட்டாள். இவளுக்கு அந்தச் சாமி வேண்டாம். படித்தவர்களைப் போல உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்க நேரமும் இல்லை, தெரியவும் தெரியாது. வேலையோடு வேலையாகத்தான் சொன்னாள். எறும்பு வரிசை போனால், "அதுகளுக்கும் ஷிப்டு இருக்கு பாப்பா, குறுக்க நிக்காத." சோற்றில் கல் கடிபட்டால், "பல்லு தப்பிச்சுல்ல, சேசுவுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லு." தண்ணி லாரி வந்தால் வயசானவர்கள் குடத்தை முன்னால் விட்டுவிட்டுத்தான் தன் குடத்தை வைப்பாள். ஏன் என்று ஷைனி கேட்டால், "அவுங்க தோள்லயும் சம்மனசு இருக்கு, அதுக்கும் கால் வலிக்கும்" என்பாள்.

சம்மனசுதான், அந்தக் காவல் தேவதூதன்தான், ஷைனிக்கு ரொம்பப் பிடித்தது. ஆறு வயதுப் பிள்ளைக்குத் தனக்கென்று ஒரு ஆள் இருப்பது லேசுப்பட்ட காரியமா?

"உனக்குன்னே ஒரு காவல் சம்மனசு உன் வலது தோள்ல உக்காந்திருக்கு. அதுக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் நீ சொன்னாத்தான் அதுக்குச் சந்தோசம். சாயங்காலம் ஆறு மணிக்குக் கோவில் மணி அடிச்சதும் அன்னைக்கு நடந்தத எல்லாம் அதுகிட்ட சொல்லிரு. நல்லது, கெட்டது, எல்லாத்தையும். அது யார்கிட்டயும் சொல்லாது."

"உன்கிட்ட?"

"எங்கிட்டயும் சொல்லாது."

"அப்பாகிட்ட?"

"அப்பாகிட்டயும் சொல்லாது."

"முகேஷ்குமார்கிட்ட?"

"அவன்கிட்ட சொல்லவே சொல்லாது."

முகேஷ்குமார் எதிர்வீட்டு நாகஜோதியின் மகன். ஷைனியோடு ஒரே வகுப்பு. ஷைனி அன்றிலிருந்து புத்தகப் பையை இடது தோளில் மட்டும்தான் மாட்டினாள். வலது தோளில் மாட்டினால் சம்மனசு நசுங்கிவிடுமாம்.

எல்லாம் சரிதான். ஒரு தப்பு மட்டும் இருந்தது. ஒற்றை அறையில் சமையல்கட்டுக்குத் தடுப்பாகத் தொங்கியது ஒரு பழைய சேலை. இந்தப் பக்கம் பிள்ளை மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து வலது தோளைப் பார்த்துக் குசுகுசுவென்று பேசும். அந்தப் பக்கம் அமலராணி அடுப்பைத் தணித்துவிட்டு, கரண்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு, கேட்டுக்கொண்டு நிற்பாள். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. எட்டு மணி நேரம் மிஷின் இரைச்சலில் கிடந்த காதுக்கு அந்தச் சின்னக் குரல் இதமாக இருந்தது. சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள். அப்படியே விட்டிருந்தாலாவது பரவாயில்லை. மறுநாள் மில் பஸ்ஸில் அந்தக் கதையைச் சொல்லுவாள். பிள்ளை வகுப்பில் ஒண்ணுக்குப் போய்விட்டு, தண்ணி பாட்டில் கொட்டியது என்று டீச்சரிடம் சமாளித்ததைச் சொன்ன அன்று பஸ்ஸே சிரித்தது. சாயங்காலம் அமலராணி இறங்கும்போது, ரோட்டோரம் காத்து நின்ற பிள்ளையிடம் ஒருத்தி ஜன்னல் வழியாக, "என்ன ஷைனி, பாட்டில் மூடிய நல்லா மூடுனியா?" என்று கேட்டாள். ஷைனிக்குப் புரியவில்லை. அமலராணி பேச்சை மாற்றிவிட்டாள்.

அமலராணிக்கும், ஷைனி அத்தை என்று கூப்பிடும் நாகஜோதிக்கும் ஒரே நூல் மில். நாகஜோதிக்குக் காலை ஆறு மணி ஷிப்டு, மூன்று மணிக்கெல்லாம் வீடு வந்துவிடுவாள். நாலு மணிக்கு இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்து பொரிகடலை கொடுத்து வீட்டுப்பாடம் எழுத வைப்பாள். அமலராணிக்குப் பகல் ஷிப்டு. ஐந்தே முக்காலுக்கு பஸ் இறக்கிவிடும். இறங்கினால் ஆறு மணிச் செபத்துக்குச் சரியாக இருக்கும். பிள்ளையின் குரல் கேட்கும் அந்த நேரம் அவளுக்கு வேண்டும்.

அந்த நேரத்தில்தான் மில்காரன் கை வைத்தான். பகல் ஷிப்டு முடிந்ததும் பஸ்ஸை எடுக்காமல் கட்டாய ஓவர்டைம் என்றான். வாரத்தில் நாலு நாள் வீடு வர எட்டரை ஆனது. ஷைனி தலை தொங்கித் தூங்கிப்போயிருக்கும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துப் பதினோரு பெண்கள் மனு எழுதினார்கள். கட்டாய ஓவர்டைம் கூடாது என்று தொழிலாளர் அதிகாரியிடம் கொடுப்பதாக ஏற்பாடு. முதல் கையெழுத்து அமலராணி. இரண்டாவது நாகஜோதி. கூடவே வேலை செய்யும் அய்யம்மாள் மட்டும், "எனக்கு எதுக்குத்தா வம்பு" என்று ஒதுங்கிக்கொண்டாள்.

மனு போய்ச் சேரவே இல்லை. கொடுப்பதற்கு முந்தின நாள் சூப்பர்வைசர் நல்லுசாமி பதினோரு பேரையும் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டான். பெயர் வரிசைகூடத் தப்பாமல் சொன்னான். நாகஜோதிக்குத்தான் எல்லோர் முன்னிலும் பெரிய வசவு, அழுதுவிட்டாள். அமலராணியைக் கழிவுப் பஞ்சு அள்ளும் கொட்டகைக்கு மாற்றினான். அங்கே ஒரு நாள் வேலை பார்த்தால் மறுநாள் காறித் துப்புகிற எச்சிலும் வெள்ளையாக வரும். ஓவர்டைம் மட்டும், கேட்க வாயில்லாதபடி ஆன பிறகு, வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைந்தது.

காட்டிக்கொடுத்தது அய்யம்மாள்தான் என்று பஸ்ஸே முடிவு கட்டியது. அமலராணி அவள் முகத்துக்கு நேராகவே கேட்டாள்: "ஒரு கையெழுத்துப் போடக் கை வரல. ஊரக் காட்டிக்குடுக்க மட்டும் வந்துருச்சாக்கும்?" அய்யம்மாள் பதில் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து டிரைவருக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து வந்தாள்.

மனு பிடிபட்ட பன்னிரண்டாவது நாள், ஒரு செவ்வாய்க்கிழமை. ஓவர்டைம் இல்லை. ஆறு மணி அடித்தது. அமலராணி ரசத்தை இறக்கி வைத்துவிட்டுச் சேலைத் தடுப்புக்குப் பின்னால் வழக்கம்போல நின்றாள்.

"சம்மனசே, இன்னைக்கு கணக்குல ஒண்ணு தப்பு. முகேசு என் ரப்பரக் கடிச்சிட்டான். நான் கிள்ளிட்டேன். மெதுவாத்தான். அப்பறம் ஒரு ரகசியம். அம்மாகிட்ட சொன்னா சாமி கண்ணக் குத்தும்னு அத்த சொன்னாங்க. உன்கிட்ட சொன்னா குத்தாதுல்ல? நீ யார்கிட்டயும் சொல்ல மாட்டேல்ல." குரல் இன்னும் இறங்கியது. அமலராணி சேலைக்கு இன்னும் நெருங்கினாள். "அத்த போன்ல பேசுனாங்க. சார், பேப்பர போட்டோ எடுத்து அனுப்புனது நான்தான்னு ராணிக்குத் தெரிஞ்சா என் கதி அம்புட்டுத்தான் சார், அவ பிள்ளை எங்க வீட்டுலதான் கெடக்குதுன்னு சொன்னாங்க. ராணின்னா எங்கம்மாவா, வேற ராணியா? அப்பறம் அத்த அழுதாங்க. பாவம். நீ அத்தைய ஒண்ணும் பண்ணிராத. ஆமென்."

அமலராணி தடுப்பை விலக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளையைப் பார்க்கவில்லை. செருப்பும் போடவில்லை. தெருவைத் தாண்டி நாகஜோதி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

நாகஜோதி வெஞ்சனத்துக்கு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "வா ராணி. என்ன, வெறுங்காலோட?"

"பேப்பர போட்டோ எடுத்து நல்லுசாமிக்கு அனுப்புனது யாரு நாகக்கா?"

"எனக்கென்ன தெரியும். அய்யம்மா..."

"அவ பிள்ளை எங்க வீட்டுலதான் கெடக்குதுன்னு போன்ல சொன்னது யாரு?"

கத்தி நின்றது. தான் சொன்னது வார்த்தை மாறாமல் வந்ததிலேயே நாகஜோதிக்கு அது வந்த வழி புரிந்துவிட்டது. அவள் கண் அமலராணியைத் தாண்டிப் போனது. எதிர்வீட்டு வாசலில் ஷைனி, கூப்பிய கையை இன்னும் பிரிக்காமல் நின்றிருந்தாள்.

"ஏண்டி, சொல்லிட்டியா?" என்றாள் நாகஜோதி. சத்தம் தெருவுக்கே கேட்டது. "அம்புட்டுத் தூரம் சொன்னேனே. சொன்னா சாமி கண்ணக் குத்தும்னு சொன்னேனா இல்லையா?"

"பிள்ளைய எதுக்கு இழுக்குற? எனக்குப் பதில் சொல்லு."

"என்ன சொல்லச் சொல்ற? மனுவக் காட்டலேன்னா என்னைய ரெண்டாம் ஷிப்டுல தூக்கிப் போடுவேன்னான். ரெண்டாம் ஷிப்டுக்குப் போனா நாலு மணிக்குப் பிள்ளைகள எவ கூப்புடுவா? என் பிள்ளைய மட்டுமா பாத்தேன்? உன் பிள்ளைக்கும் சேத்துத்தான் பாத்தேன்."

"என் பிள்ளைக்காகத்தான் என்னையக் கழிவுப் பஞ்சு திங்க விட்டியாக்கும்?"

"உன்னைய அங்க போடுவான்னு எனக்குத் தெரியாது ராணி."

"தெரியாமத்தான் முதுகுக்குப் பின்னாடி போன் பேசுனியா? இனிமே என் வீட்டுப் பக்கம் உன் நிழல் விழக்கூடாது. உன் வாசல இந்த ஜென்மத்துல நான் மிதிக்க மாட்டேன்."

நாலு வீட்டுக் கதவு திறந்தது. சொல்ல வேண்டியதும் சொல்லக் கூடாததும் இரண்டு பக்கமும் நிறைய வந்தது. பிறகு நாகஜோதி கதவை அடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குள் வந்தபோது ஷைனி மூலையில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"நான் சொல்லலம்மா."

"கையை எடு பாப்பா."

"யார்கிட்டயும் சொல்லல. சம்மனசுகிட்ட மட்டும்தான் சொன்னேன்." விரல் இடுக்கு வழியாகப் பார்த்தாள். "அது உன்கிட்ட சொல்லிருச்சா?"

அப்போதே சொல்லியிருக்கலாம். அமலராணிக்கு மூச்சு இன்னும் அடங்கவில்லை. நாகஜோதியை வைத வாய் கசந்து கிடந்தது. பிள்ளைக்கு முன்னால் தானும் ஒரு திருடியாக நிற்க அந்த நேரத்தில் அவளுக்குத் தெம்பில்லை.

"ம்" என்றாள்.

ஷைனி விரல் இடுக்கையும் மூடிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து பள்ளிக்கூட ஆயா சைதூன்தான் அமலராணி வரும்வரை பிள்ளையைப் பள்ளிக்கூடக் கேட்டருகே, நேரமானால் தன் வீட்டில், வைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை சைதூன் சொன்னாள்: "ஏம்மா, பிள்ளைக்குக் கண்ணு நோவா? மூணு நாளா ஒரு கையால கண்ணப் பொத்திக்கிட்டே எழுதுதாம், டீச்சர் சொல்லுச்சு. ஏன்டா கண்ணுன்னு கேட்டேன். ஒரு கண்ணாவது மிச்சம் இருக்கட்டும்ங்குது."

அமலராணி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். குப்புறப் படுத்துத் தூங்கிய காலத்திலிருந்து தப்பித்து வந்தும், அந்தச் சாமியைத் தன் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டோம் என்று நினைத்தாள். வீட்டுக்கு நடக்கும்போது பார்த்தாள்: பை ஷைனியின் வலது தோளில் தொங்கியது.

கோவில் மணி அடித்தது. ஷைனி மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். "இன்னைக்கு ஒண்ணும் நடக்கல. ஆமென்" என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டாள். முந்தின நாளும் அதே வார்த்தைதான்.

அன்று ராத்திரி பாக்கியராஜ் பாலக்காட்டிலிருந்து போன் செய்தான். நாகஜோதி கதையை முழுதும் கேட்டுவிட்டு, "உனக்கு எப்புடித் தெரிஞ்சுச்சு?" என்றான்.

"பாப்பா செபம் சொல்றப்ப கேட்டேன்."

சிரித்தான். "சரிதான். கோவில்ல பாவம் கேக்குற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள்ள சாமியாருக்குப் பதிலா நீ போயி உக்காந்திருக்க." பிறகு சிரிப்பை நிறுத்தினான். "நீ கேட்டது அதுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சம்மனசு சொல்லிருச்சுன்னு நெனைச்சிக்கிட்டிருக்கு. நானும் ஆமான்னுட்டேன்."

"நல்லாப் போட்ட போ, பழிய அது தலையில. அது வந்து இல்லேன்னு வாயத் தொறந்து சொல்லவா போகுது?"

போனை வைத்த பிறகு அமலராணிக்கு டிரைவருக்குப் பின்னால் வாய் திறக்காமல் தனியாக உட்கார்ந்து வரும் அய்யம்மாளின் முதுகு ஞாபகம் வந்தது. சனிக்கிழமை பஸ்ஸில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "அது நீ இல்லைன்னு தெரிஞ்சுருச்சுக்கா" என்றாள். அய்யம்மாள் ஜன்னலைப் பார்த்தபடியே, "எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து ஷைனிக்குப் பேன் பார்க்க உட்கார்ந்தாள். பிள்ளையின் தலை அவள் முழங்கால்களுக்கு நடுவில் இருந்தது. முகம் அந்தப் பக்கம். பிடரியைப் பார்த்துச் சொல்வது கொஞ்சம் சுலபமாக இருந்தது.

"பாப்பா, சம்மனசு எங்கிட்ட ஒண்ணும் சொல்லல."

"நீ ம்னு சொன்னேல்ல."

"பொய் சொன்னேன். நீ பேசுறப்ப சேலைக்குப் பின்னாடி நின்னு நான்தான் கேட்டேன்."

தலை அசையவில்லை. "அன்னைக்கு மட்டுமா?"

சீப்பு நின்றது. இன்னொரு பொய் நாக்கு நுனிக்கு வந்தது. விழுங்கிக்கொண்டாள். "எல்லா நாளும்."

"நான் ஒண்ணுக்குப் போனதும் கேட்டியா?"

"கேட்டேன்."

"அந்த அக்கா பஸ்ல இருந்து சிரிச்சது அதுக்குத்தானா?"

"ஆமா. அம்மா செஞ்சது தப்பு. சம்மனசு ஒரு பாவமும் செய்யல. அது நல்லது பாப்பா. சாமி யார் கண்ணையும் குத்தாது. நீ முன்ன மாதிரி பேசு. நான் இனிமே கேக்க மாட்டேன்."

ஷைனி திரும்பி அவளைப் பார்த்தாள். பாதி வாரிய தலை, ஒரு பக்கம் பின்னல், ஒரு பக்கம் விரிகோலம். கோபமாக இருந்தால் தேவலை. கணக்குப் போடும்போது வருகிற முகம் அது.

"நீ கேக்குறது சம்மனசுக்குத் தெரியும்ல?"

"என்னது?"

"தோள்லதான உக்காந்திருக்கு. எல்லாம் தெரியும்னு நீதான சொன்ன. அப்ப அம்மா கேக்குது, மெதுவாப் பேசுன்னு ஏன் எங்கிட்ட சொல்லல?"

அமலராணி சீப்பைக் கீழே வைத்தாள். சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் படித்ததையெல்லாம் தேடிப் பார்த்தாள். சிஸ்டர் சொன்னது, சாமியார் பிரசங்கத்தில் சொன்னது, எதிலும் இதற்குப் பதில் இல்லை. சம்மனசைக் காப்பாற்றத்தான் உண்மையைச் சொன்னாள். உண்மை அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது.

"தெரியல பாப்பா" என்றாள்.

"அது உன் சேக்காளி, எனக்கு இல்ல" என்றாள் ஷைனி. திரும்பித் தலையை முன்போலக் கொடுத்தாள். அமலராணி மற்றப் பின்னலையும் போட்டாள். ரிப்பனைக் கட்டியதும் ஷைனி எழுந்து நின்று சொன்னாள்: "அத்தகிட்ட போய்ச் சொல்லு."

"என்னன்னு?"

"நான் சொல்லலைன்னு. நீ ஒட்டுக் கேட்டேன்னு."

எதைக் கேட்டாலும் இதைக் கேட்டிருக்கக் கூடாது. அந்த வாசலை இந்த ஜென்மத்தில் மிதிப்பதில்லை என்று தெரு கேட்கச் சொல்லியிருந்தாள். நெஞ்சுச் சளி இன்னும் பஞ்சுத் தூசியாக வந்துகொண்டிருந்தது. காட்டிக்கொடுத்தவள் கதவைத் தட்டி, தான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். "நாகக்கா எனக்கு என்ன பண்ணுனா தெரியுமா?" என்று பிள்ளையிடம் தொடங்கினாள்.

"தெரியும். நான்தான சம்மனசுகிட்ட சொன்னேன்" என்றாள் ஷைனி.

அமலராணி எழுந்தாள். ஷைனியும் பின்னாலேயே வந்தாள்.

நாகஜோதி கதவைத் திறந்துவிட்டு ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. தலைக்குக் குளித்துத் துண்டு சுற்றியிருந்தாள். சண்டைக்குத் தயாரான முகம்.

"பிள்ளை எங்கிட்ட சொல்லலக்கா" என்றாள் அமலராணி. "அது செபத்துல சொன்னத நான் ஒளிஞ்சு நின்னு கேட்டேன். உனக்குக் குடுத்த வாக்க அது மீறல."

நாகஜோதி நிலையிலிருந்து கையை எடுத்தாள். "இதச் சொல்லவா வந்த?"

"ஆமா."

"வேற ஒண்ணும் இல்லையா?"

"இல்ல."

வேறு இருந்தது, இரண்டு பேரிடமும். மன்னிப்போ, மறுபடி ஒரு வசவோ, எது வந்திருந்தாலும் அமலராணி அதற்குப் பதில் வைத்திருந்தாள். நாகஜோதி குனிந்து, அமலராணிக்குப் பின்னால் நின்ற பிள்ளையைப் பார்த்தாள்.

"நீ சொல்லலையாத்தா? நான்தான் தப்பா வைஞ்சிட்டேன். சாமி உன் கண்ணக் குத்தாது. உள்ள வா, முகேசு இருக்கான்." கன்னத்தைத் தொடக் கையை நீட்டினாள்.

ஷைனி பின்னால் நகர்ந்தாள். கை எட்டவில்லை. "அதான் நான் சொல்லிட்டேன்ல, வா பாப்பா" என்று அமலராணி தன் கையை நீட்டினாள். அதற்கும் எட்டாமல் இன்னும் இரண்டடி நகர்ந்து நடுத்தெருவில் போய் நின்றாள். தண்ணிக் குடம் கட்டிய சைக்கிள் ஒன்று மணியடித்துக்கொண்டு வந்தது. இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில், "ஏ பிள்ள, சைக்கிளு" என்றார்கள்.

அவள் தானாகவே பார்த்து ஒதுங்கினாள். சைக்கிள் போன பிறகு இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்துவிட்டு, தனியாக நடந்து வீட்டுக்குள் போனாள்.